எல்லாரும் வந்தவங்கதான்!

நெய்வேலியில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். விருத்தாசலம் என்பார்கள். கும்பகோணம் என்பார்கள். பாலக்காடு, நெல்லூர், ராஞ்சி, சம்பல்பூர் என்றெல்லாம்கூட பதில் வரும். "நெய்வேலிதான்" என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை வாங்கி, பிள்ளைக்குக் காது குத்தி, பெண்ணுக்குக் கல்யாணம் முடித்து ரிடையர் ஆகப் போகிற ஆசாமிகூட, "நமக்கு நேட்டிவ் திருவாரூர் பக்கம் சார்" என்பார். திருவாரூரில் அவருக்கு ஒரு செங்கல்கூட இருக்காது!

காரணம் சுலபம். குவார்ட்டர்ஸ் என்பது வேலை இருக்கிறவரைக்கும்தான். ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊரே ஒரு பெரிய வெயிட்டிங் ரூம். ரயில்தான் முப்பத்தைந்து வருஷம் லேட்.

அப்படியானால் அசல் நெய்வேலிக்காரர்கள் எங்கே? அவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சுற்றுப்பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் வீடும் வயலும் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம். கதை 1930களில் ஆரம்பிக்கிறது. ஜம்புலிங்க முதலியார் என்கிற நிலக்கிழார் தண்ணீருக்காகக் கிணறு போட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956-ல் கம்பெனி பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். தோண்டுவதற்கு ஜெர்மன் சக்கர எந்திரங்கள் வந்தன. மின் நிலையத்துக்கு சோவியத் உதவி வந்தது. அந்த முதல் மின் நிலையம் உழைத்து ஓய்ந்து 2020-ல் மூடப்பட்டது. எந்திரத்தோடு ஆட்களும் வந்தார்கள். திசைக்கு நூறு பேர்.

அவர்களுக்காகப் போட்ட ஊர்தான் டவுன்ஷிப். 'பிளாக்' என்பதை அழகாக 'வட்டம்' என்கிறார்கள். முப்பது வட்டங்களுக்கு மேல் உண்டு. "எங்க இருக்கீங்க?" என்றால், "பதினாறுல" என்று பதில். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்தவர் அடுத்த தெரு வீட்டில் நுழைந்து, காபி குடித்துவிட்டு, டம்ளர் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்து ஓடினாராம். இந்தச் சம்பவம் எந்த வட்டத்தில் நடந்தது என்று கேட்டால், எல்லாரும் பக்கத்து வட்டத்தைத்தான் காட்டுகிறார்கள்.

*

இந்த ஊருக்கு நான் போனது சுரங்கம் பார்க்க இல்லை. ஒரு கேள்வியோடு போனேன்.

ஆண்பிள்ளை ஒருத்தன் புது ஊருக்கு வேலைக்கு வந்தால், வந்த அன்றே அவனுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது. கேன்டீன் இருக்கிறது. ஷிப்டில் பத்துப் பேர் கூட இருக்கிறார்கள். சங்கத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இரண்டு நாளில் தேடி வந்துவிடுவார்கள், சந்தா புத்தகத்தோடு! ஆனால் அவன் பின்னாலேயே ஒரு தகரப் பெட்டியும் இடுப்பில் கைக்குழந்தையுமாக இறங்குகிறாளே, அவளுக்கு யார் காத்திருக்கிறார்கள்? பாஷை தெரியாது. கடை தெரியாது. காய்ச்சல் வந்தால் எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று தெரியாது. புருஷன் ஷிப்டுக்குப் போனால் எட்டு மணி நேரம் அவளும் குழந்தையும் நாலு சுவரும்தான். அந்தச் சுவரிலிருந்து அவளை வெளியே கொண்டு வருவது எது?

அறுபது எழுபது வருஷமாக வெளியூர்க்காரர்களை மட்டுமே வைத்து ஓடுகிற ஊருக்கு இந்த வித்தை தெரிந்திருக்குமே என்பது என் கணக்கு.

காலேஜில் என் காஸ்டிங் நோட்டைக் கடன் வாங்கிப் படித்த நண்பன் ஒருத்தன் அங்கே வேலையில் இருக்கிறான். (நோட்டைக் கொடுத்தவன் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.) அவன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் போட்டேன்.

"டேய் மாப்ளே, இதெல்லாம் என்னைக் கேக்காதே. உள்ள இருக்காளே, அவளைக் கேளு" என்றான்.

நண்பனின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார்.

"அந்தப் பொண்ணு ஒடிசாண்ணா. மூணு வருஷம் முன்னாடி வந்தப்போ குழந்தைக்கு எட்டு மாசம். தினம் ஒன்பது மணிக்குக் கொடியில துணி காயும். நாலு மணிக்கு எடுத்துடுவா. அவ்வளவுதான், வேற சத்தமே வராது. வாசல்ல ஆளைப் பாத்ததே இல்ல. நான் ரெண்டு தரம் ஸ்வீட் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிண்டு சிரிப்பா, கதவைச் சாத்திடுவா. பொங்கலுக்குக் கூப்பிட்டேன், வரல. அப்புறம் ஒரு நாள் எங்க வீட்ல உறைமோர் தீந்துபோச்சு..."

"அதுக்கு?"

"கிண்ணத்தை எடுத்துண்டு போய்க் கதவைத் தட்டிட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி வராது. பால் ஊத்தற மாதிரி, மூடி வைக்கற மாதிரி எல்லாம் நடிச்சுக் காட்டறேன். அவ உள்ள ஓடிப் போய்க் குழந்தையோட பால் பாட்டிலை எடுத்துண்டு வந்தா! ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து சிரிச்சோம் பாருங்கோ, கண்ல தண்ணி வந்துடுத்து. அன்னிக்கு சாயங்காலம் அவளே எங்க வீட்டுக்கு வந்தா. மோர் உறைஞ்சுதான்னு பாக்க!"

நான் நோட்டை மூடிவிட்டேன். தேடி வந்த பதில் அந்தக் கிண்ணத்தில் இருந்தது. இரண்டு தரம் ஸ்வீட் கொடுத்தபோது திறக்காத கதவு, ஒரு தரம் கை நீட்டிக் கேட்டபோது திறந்துவிட்டது. கொடுத்தால் வாங்குகிறவளுக்குக் கூச்சம். கேட்டால், 'நம்மிடமும் இவங்களுக்கு வேண்டியது ஏதோ இருக்கே' என்று ஒரு நிமிர்வு. விருந்தாளி பக்கத்து வீட்டுக்காரி ஆவது அந்த நிமிஷத்தில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரசரவென்று நடந்திருக்கிறது. ஒடிசாவில் நம் மார்கழியை ஒட்டி வருகிற மாசத்தில், வியாழக்கிழமைதோறும் லட்சுமிக்காக அரிசி மாவைக் கரைத்து விரலால் 'ஜோட்டி' என்று ஒன்று போடுவார்கள். நம்ம மாக்கோலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. "உங்க ஊர் கோலம் ஒண்ணு போட்டுக் காமியேன்" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மார்கழிக்குத் தெருவில் பாதி வாசலில் நெற்கதிரும் குட்டிப் பாதங்களும்! பிறகு குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. பள்ளிக்கூட கேட்டைப் போல ஒரு பல்கலைக்கழகம் உலகத்தில் கிடையாது. எந்த டாக்டர் கைராசி, எந்தக் கடையில் துவரம்பருப்பு நயம், எந்த டீச்சர் கோபக்காரி என்று சகல சாஸ்திரமும் மணி அடிப்பதற்கு முந்தின பத்து நிமிஷத்தில் போதிக்கப்படுகிறது.

இப்போது அந்தப் பெண் என்ன செய்கிறார் தெரியுமா? வடக்கேயிருந்து புதுசாக யாராவது குடிவந்தால், ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூல் அட்மிஷனுக்கும் கூடப் போகிறவர் அவர்தான். "அக்கா, புது பொண்ணு வந்திருக்கு. நீங்க போய் உறை மோர் கேளுங்க" என்று நண்பன் மனைவிக்கு ஆர்டர் வேறு! நல்ல தமிழ். 'ழ' மட்டும் கொஞ்சம் தகராறு. அது நமக்கும்தான்.

*

சும்மா சொல்லக் கூடாது, இந்த டவுன்ஷிப்பும் இதற்குக் கொஞ்சம் தோது செய்து வைத்திருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், கடைத்தெரு, கோயில், நிழலான ரோடு. 1998-லிருந்து இங்கே புத்தகக் கண்காட்சி நடத்தத் தொடங்கினார்கள். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் சுற்ற அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. புத்தகம் வாங்காவிட்டாலும் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பதினாறாம் வட்டத்துச் சிவன் கோயிலில் பத்தடி உயரத்துக்குப் பஞ்சலோக நடராஜர் நிற்கிறார். அங்கே ஒரு விசேஷம். ஆராய்ச்சி மணி ஒன்றும், மனுப் போடுகிற பெட்டி ஒன்றும் இருக்கின்றன. குறையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு மணி அடித்துவிட்டு வரலாம். எந்த பாஷையில் எழுதினாலும் செல்லும். சுவாமிக்கு ட்ரான்ஸ்லேட்டர் தேவையில்லை. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு பெண்ணுக்கு முதல் முதலில் மனம்விட்டுப் பேச அந்தப் பெட்டி கிடைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் இதெல்லாம் ஆர்ச் கேட்டுக்கு உள்ளே. வெளியே வந்தால் கதை வேறு. கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன் குடும்பத்துக்கு வட்டமும் கிடையாது, வராந்தாவும் கிடையாது. மந்தாரக்குப்பம் மாதிரி இடங்களில் ஒற்றை அறை வாடகை. வேலை முடிந்தால் அடுத்த ஊர். பக்கத்து வீட்டு அம்மா உறைமோர் கேட்டு வந்து சிநேகமாவதற்குள் இவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். இவர்களில் ஒரு தாய்க்கு வெளியுலகம் என்பது குழந்தைக்கு முட்டை போடுகிற அங்கன்வாடியும், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு ரேஷன் கடையும்தான். அங்கே வரிசையில் முன்னால் நிற்கிற அம்மாள் திரும்பிப் பார்த்து "எந்த ஊரும்மா?" என்று கேட்டால், அன்றைக்கு அவளுக்கு அதிர்ஷ்டம்.

இதைவிடவும் கஷ்டமான கேஸ் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பாஷை பிரச்னை துளியும் இல்லை. நம்மைவிட நல்ல தமிழ். ஆனால் நாற்பது வருஷமாக 'வந்தவங்க' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதைப் பார்க்க பஸ் ஏறினேன்.

*

நெய்வேலியிலிருந்து வடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். எந்த ஊர், எந்த நாடு, ஆதார் இருக்கா, பாஸ்போர்ட் இருக்கா என்று ஒரு கேள்வி கிடையாது. பெண் என்றால் போதும். இந்தியாவில் இவ்வளவு சுலபமான இமிகிரேஷன் கவுண்டர் வேறு எங்கேயும் இல்லை. பஸ்ஸில் நான் ஒருத்தன் மட்டும் காசு கொடுத்துவிட்டு மற்றவர்களை மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமச்சாலை இன்றும் நடக்கிறது. அன்றைக்குப் பற்றவைத்த அடுப்பை அணைய விடவில்லை என்கிறார்கள். யார், என்ன ஜாதி, எந்த ஊர் என்று கேட்காமல் சாப்பாடு. நான் போனபோது ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "வேலைக்கு இருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா, சாப்பிட வந்தோம். சும்மா உக்காந்து சாப்பிட ஒரு மாதிரி இருக்கு, அதான்" என்றார் ஒருத்தி. மறுபடியும் அதே உறைமோர்!

அங்கிருந்து கொஞ்ச தூரம் குறிஞ்சிப்பாடி. கைலிக்குப் பேர் போன ஊர். அந்தப் பக்கத்தில் குறிஞ்சிப்பாடியிலும் அம்பலவாணன்பேட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகப் படகில் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். திரும்பிப் போனவர்கள், வேறு நாடு போனவர்கள் போக, 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தார்கள். குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது.

முகாமுக்குள் நினைத்த மாதிரி நுழைய முடியாது, அனுமதி வேண்டும். ஆனால் முகாம்காரர்கள் டீக்கடைக்கு வரலாம், நானும் வரலாம். தெரிந்தவர் மூலமாகச் சொல்லி வைத்திருந்ததில், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு நீள நோட்டு.

"என்ன தம்பி, பேசோணுமா, கதைக்கோணுமா?" என்றார் எடுத்ததுமே.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"வெளியில வந்தா நாங்க 'பேசுவம்'. வீட்டுக்குள்ள போனா 'கதைப்பம்'. முப்பத்தஞ்சு வருசமா ரெண்டு நாக்கு!" என்று சிரித்தார்.

1990-ல் மன்னார் பக்கத்திலிருந்து படகு. அப்போது பதினேழு வயது. முதலில் மண்டபம், அப்புறம் இங்கே. பத்துக்குப் பத்து அடி அறை. நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு அறை. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஆண்கள் பெயின்ட் அடிக்கிற வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள். செக்கிங் நாளில் எல்லாரும் வந்து பெயர் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு அந்த அறையும், தண்ணீர்க் குழாயும், அடுத்த செக்கிங்கும்தான் காலண்டர்.

"மூத்தவன் பிறந்து ரெண்டு வருசம் நான் முகாம் வாசல் தாண்டினதே இல்ல தம்பி. கடைக்காரர் 'நீங்க எந்த ஊரு'ண்டு கேட்டா என்ன சொல்றது எண்டு பயம். சனம் நல்ல சனம்தான். அரிசி தந்தவை, உடுப்புத் தந்தவை, பாவம் எண்டு சொன்னவை எத்தனையோ பேர். ஆனா 'நீ வந்து எனக்கொரு உதவி செய்' எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. ஒரு நாள் ஒஃபர் ஆக்கள் வந்தவை. அவையும் முகாம் பொம்பிளையள்தான். 'உனக்கு எழுதப் படிக்கத் தெரியும்தானே, பின்னேரத்தில பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுப்பியா' எண்டு கேட்டினம். அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே வரேல்லை!"

'ஒஃபர்' என்று அவர் சொல்வது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா என்று ஈழத்தில் கொண்டாடப்படும் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கியது. அதன் முக்கியமான விஷயம், அகதிகளுக்காக அகதிகளே நடத்துகிற அமைப்பு என்பது. முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, தாய்மாருக்குச் சத்துணவு, பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் என்று வேலை செய்தார்கள். வெளியே இருந்து ஆள் கொண்டு வருவதற்குப் பதிலாக, உள்ளே இருக்கிற பெண்ணையே தயார் செய்து அடுத்தவள் கதவைத் தட்டச் சொன்னார்கள்.

அந்த அம்மா நீள நோட்டை விரித்தார். அவர்கள் மகளிர் குழுவின் கணக்கு. வாரச் சந்தா, கடன், திரும்பி வந்தது, கையிருப்பு. தலைவி மாறி மாறி வருவார். நோட்டு மட்டும் இவரிடம். நான் படித்த பி.காம். படிப்பை வெளியே எடுத்துப் பத்துப் பக்கம் சரிபார்த்தேன். ஒரு ரூபாய் இடிக்கவில்லை. ஊறுகாய்க்கு மிளகாய்த்தூள் வாங்கியதற்குக்கூட ரசீது ஒட்டியிருந்தது. எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு இவரைப் பொருளாளராகப் போட்டால் பாதிச் சண்டை தீரும் என்று தோன்றியது.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒஃபர் பயிற்சி கொடுத்த முகாம் இளைஞர்களும் பெண்களும் தமிழ்நாட்டுக் கடலோரத்துக்குப் போனார்கள். வீடும் பிள்ளையும் இழந்த நம்ம ஊர் மீனவப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, அழ வைத்து, சோறு உண்ண வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் விட்டுவிட்டு ஓடி வருவது எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வந்த நாளிலிருந்து வாங்கிய கைகள், அன்றைக்குக் கொடுத்த கைகள்.

*

இதெல்லாம் நம்ம ஊர் வித்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நெய்வேலிக்குச் சக்கர எந்திரம் கொடுத்த ஜெர்மனியில், பெர்லின் நகரத்து நாய்கோல்ன் என்கிற பகுதியில், துருக்கியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் தாய்மார்கள் ஜெர்மன் பாஷை தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அதிகாரிகள் போய்த் தட்டினால் திறக்கவில்லை. (அதிகாரி தட்டினால் நாமும்தான் திறக்க மாட்டோம்.) 2004-ல் ஒரு யோசனை செய்தார்கள். அதே மாதிரி வந்த தாய்மார்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு சிவப்புக் கழுத்துத் துணியும் பையும் கொடுத்து அனுப்பினார்கள். 'பேட்டைத் தாய்மார்' என்று பெயர். பாலர் பள்ளி, தடுப்பூசி, சாப்பாடு, சட்டம் என்று அவரவர் பாஷையிலேயே வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். கதவு திறந்தது. திறந்த வீட்டிலிருந்து சிலர் தாங்களும் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒடிசாப் பெண் அடுத்தவளுக்கு உறைமோர் கேட்கச் சொல்லி ஆள் அனுப்புகிறாரே, அதேதான். ஜெர்மன்காரர்கள் அதற்கு யூனிஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவு வித்தியாசம்.

ஆனால் உறைமோரால் உறையாத பால் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறிஞ்சிப்பாடி அம்மாவின் மகள் டிகிரி முடித்தவள். தமிழ்நாட்டில் பிறந்தவள், தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதிக்காதவள். அரசாங்க வேலைக்கு அப்ளிகேஷன் போட முடியாது. 'குடியுரிமை' என்கிற கட்டத்தில் எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், நீங்கள் இந்தியக் குடிமகள்தான் என்று 2022-ல் ஐகோர்ட் மதுரைக் கிளையில் தீர்ப்பு வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து ஓட்டுச்சாவடிக்குப் போன முதல் விரல் அது என்று பேப்பரில் போட்டார்கள். இரண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த விரலில் மை இல்லை.

"குழு, கூட்டம், வகுப்பு எல்லாத்துக்கும் கூப்பிடினம், சந்தோசம்" என்றார் அந்த அம்மா. "ஊர்த் திருவிழாவுக்கு வரி கேட்டு வருவினம், குடுப்பம். பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடினம், போவம். ஒண்டு மட்டும்தான் ஒருத்தரும் கேட்டு வாறேல்லை. எலக்சனுக்கு எல்லா வீட்டு வாசலுக்கும் வந்து கும்பிடினம். எங்கட வாசலைப் பாத்து ஒருத்தரும் கும்பிடுறேல்லை தம்பி."

ஓட்டுக் கேட்டு வருகிறவனைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிற ஜாதி நாம். அந்தக் கும்பிடு கிடைக்கவில்லை என்று ஏங்குகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. மகளிர் குழு கேட்டாயிற்று. மிச்சம் இருப்பது அரசாங்கம் கேட்க வேண்டியது. அதை எந்தக் கிண்ணத்தாலும் ஈடு கட்ட முடியாது.

*

இதைப் படிக்கிற ஆபீஸ் நண்பர்களே, 'நமக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம், நெய்வேலிக்கு டிக்கெட் வாங்கணுமா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தியாவில் ஊர் விட்டு ஊர் போகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று சென்சஸ்காரர்கள் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வேலைக்காக இல்லை, படிப்புக்காக இல்லை. கல்யாணத்துக்காக. அதாவது, போன வருஷம் திருநெல்வேலியிலிருந்தோ தேனியிலிருந்தோ தாலி கட்டி, தாம்பரம் தாண்டி ஒரு ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் கொண்டு வந்து வைத்திருக்கிறீர்களே, அவரும் புலம்பெயர்ந்தவர்தான். நீங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து, "நாள் பூரா வீட்லதானே இருக்கே, உனக்கென்ன?" என்று கேட்கிறீர்களே, அந்த வாக்கியத்தில் 'நாள் பூரா வீட்ல' என்பதுதான் அவருடைய பிரச்னை.

அவருக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போவது நல்லதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து ஃபிளாட்டில் பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாளா, கீழே வாட்ச்மேன் மனைவி நேபாளத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருக்கிறாளா என்று கொஞ்சம் பாருங்கள். பார்த்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள்.

வீட்டில் உறைமோர் இருந்தால், இன்றைக்கு ஒரு நாள் அதைக் கீழே கொட்டிவிடலாம். தப்பில்லை!